உப்பு முதலில், சர்க்கரை கடைசியில்
(மெருகேற்றிய இறைச்சி உருண்டைகளைப் பற்றி மனையியல் வகுப்பொன்றின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆசியப் பாணியில் மெருகேற்றிய இறைச்சி உருண்டைகளை வீட்டிலேயே பாகம் செய்வது எப்படி என்னும் விஷயத்தைப் பற்றி இன்று பேசவேண்டுமென்று பணித்திருக்கிறீர்கள். ஆசியாவோ மிகப் பெரிய கண்டம். காஷ்மீரத்து விருந்துகளில் எலும்பு நீக்கிய ஆட்டிறைச்சியைக் கல்லின்மேல் வைத்து மரச் சம்மட்டியால் நெடுநேரம் அடித்துக் குழைத்து உருட்டி, தயிர்க் குழம்பில் இட்டால் குஷ்தாபா என்றும், சிவந்த குழம்பில் இட்டால் ரிஸ்தா என்றும் பெயர் பெறுகிற உருண்டைகள் ஆசியாவைச் சேர்ந்தவையே. ஜாவாத் தீவில் மாட்டிறைச்சியோடு மரவள்ளி மாவைப் பிசைந்து, கொதிக்கும் சாற்றில் மிதக்கவிட்டுத் தள்ளுவண்டிகளில் தெருத்தெருவாக விற்கப்படுகிற பக்ஸோவும் ஆசியாவைச் சேர்ந்ததே. சீனத்து யாங்ஜோ நகரத்தார் கைகொள்ளாத அளவுக்குப் பெரிதாக உருட்டி, முட்டைக்கோஸ் வகை இலைகளின் நடுவே வைத்து இளந்தீயில் வேகவைக்கிற சிங்கத்தலை உருண்டைகளும், ஹனோய் நகரத்து நடைபாதைகளில் கரியடுப்பில் வாட்டி அரிசிச் சேவையோடு தருகிற பன்றியிறைச்சி வில்லைகளும் அவ்வாறே. இவை ஒவ்வொன்றும் தனித்தனி நிலத்தில், தனித்தனி எரிபொருளையும் தானியத்தையும் ஆசாரத்தையும் அநுசரித்துப் பிறந்தவை. சோயா சாஸையும் தேனையும் மிளகாய் விழுதையும் பூண்டையும் எள்ளெண்ணெயையும் ஒரே சட்டியில் கொட்டிக் கிளறி, அதற்கு ஆசியப் பாணி என்று பெயரிட்டுவிடுகிற வழக்கம் இப்போது பல தேசங்களில் பரவியிருக்கிறது. அப்படிச் செய்வதால் எந்த நாட்டு ருசியும் கைவசமாவதில்லை என்பது என் திடமான அபிப்பிராயம். ஆகவே ஒரு நாட்டை, அந்நாட்டில் ஒரு பதார்த்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை அடிமுதல் நுனிவரை ஆராய்வதே உங்களுக்குப் பிரயோஜனமாக இருக்கும் என்று கருதி, ஜப்பானியர் ட்சுகுனே என்று வழங்கும் கோழி உருண்டையையும், அதன்மேல் ஏற்றுகிற தாரே என்னும் மெருகுப் பாகையும் இன்றைய விஷயமாகக் கொண்டிருக்கிறேன்.

இந்தப் பதார்த்தத்தின் சூக்ஷ்மம் முழுவதும், என் அநுபவத்தில், இரண்டு விதிகளுக்குள் அடங்கிவிடுகிறது. உப்பு இறைச்சிக்குள் எல்லாவற்றுக்கும் முன்னதாகச் செல்லவேண்டும். சர்க்கரை இறைச்சியின் மேல் எல்லாவற்றுக்கும் கடைசியில் ஏறவேண்டும். ஜப்பானிய இல்லங்களில் பெண்களுக்குக் கற்பிக்கப்படும் பொதுவிதி இதற்கு மாறானது என்பதையும் சொல்லவேண்டும். காய்களையும் மீனையும் சாற்றில் வேகவைக்கும்போது முதலில் சர்க்கரை, பிறகு உப்பு, அதன் பிறகே புளிக்காடியும் சோயா சாஸும் என்பது அவர்களுடைய சம்பிரதாயம். கொத்திய இறைச்சியின் ஸ்வபாவம் வேறாதலால், அங்கே வரிசையும் வேறாகிறது.

ஜப்பான் வெகுகாலம் நாற்கால் பிராணிகளின் இறைச்சியை விலக்கிவைத்த நாடு. கி.பி. 675-ஆம் ஆண்டில் டெம்மு சக்கரவர்த்தி, பௌத்த தர்மத்தின் செல்வாக்கினால், அந்நாட்டுப் பழைய கணக்கில் நான்காம் மாதம் தொடங்கி ஒன்பதாம் மாதம் முடிய மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகிய ஐந்தையும் உண்ணலாகாது என்று ஆக்ஞை பிறப்பித்தார். அதற்குப் பின் வந்த நூற்றாண்டுகளில் அந்த விலக்கு பலவாறு விரிந்தும் சுருங்கியும் நடைமுறையில் இருந்து, 1872-ஆம் ஆண்டில் மெய்ஜி சக்கரவர்த்தி தாமே மாட்டிறைச்சி உண்டதாக வெளிப்படையாக அறிவிக்கப்பட்டபோதுதான் அதன் வேகம் ஒடுங்கிற்று. இறைச்சியை விலக்கிய அந்த ஆயிரம் ஆண்டுகளிலும், இறைச்சி உருண்டைக்கு வேண்டிய வித்தையை அவர்கள் கடலிலிருந்தே கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் இதில் நான் மிகவும் வியக்கிற செய்தி. மீனின் சதையை உப்பிட்டு உரலில் அரைத்துப் பசையாக்கி வேகவைக்கிற கமபோக்கோ என்னும் பண்டம் 1115-ஆம் ஆண்டு விருந்துக் குறிப்பு ஒன்றிலேயே இடம்பெற்றிருக்கிறது. மத்தி மீனைக் கொத்தி உருட்டிச் சாற்றில் இடுவதும் அங்கே பழைய வழக்கம். உப்பிட்டு அரைத்த சதை தானே தன்னைக் கட்டிக்கொள்ளும் என்பதைக் கைகளால் அறிந்திருந்த ஒரு ஜனசமூகம், பின்னாளில் கோழியைக் கொத்தத் தொடங்கியபோது, அதற்காகப் புதிதாக ஒன்றும் கற்கவேண்டியிருக்கவில்லை.

அந்தக் கோழியும் தொடக்கத்தில் ஏழைகளுக்கு எட்டாத பொருள். மெய்ஜி காலத்துத் தெருக்கடைகளில் உணவு விடுதிகள் கழித்த குடலும் தோலும் துண்டுதுணுக்குகளுமே குச்சியில் கோத்து வாட்டப்பட்டன. அவற்றின் நாற்றத்தை அடக்குவதற்காகவே சோயா சாஸும் சர்க்கரையும் கலந்த பாகில் தோய்த்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு, ஐம்பதுகளின் இறுதியில் அமெரிக்காவிலிருந்து பண்ணைக்கோழி வளர்ப்பு முறை வந்து பரவியதும் கோழியிறைச்சி மலிந்தது. கோழியைக் குச்சியில் கோத்து வாட்டி விற்கிற யாக்கிதோரிக் கடைகள் நகரமெங்கும் பெருகின. நல்ல கடைகளில் கிஷு மலைப்பகுதியின் கருவாலி மரத்திலிருந்து எடுக்கும் வன்கரியின்மேல் உருண்டைகளை வாட்டி, பாகுச் சட்டியில் அமிழ்த்தி எடுத்து, மறுபடி வாட்டி, மறுபடி அமிழ்த்துகிறார்கள். அந்தச் சட்டியை அவர்கள் ஒருநாளும் காலியாக்குவதில்லை. குறைகிற அளவுக்குப் புதுப்பாகை வார்த்துப் பல ஆண்டுகள் காப்பாற்றி வருகிறார்கள். ஆயினும் வீட்டில் ஒரு வாணலியும் மூடியும் இருந்தால் போதும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இனி, இறைச்சியைத் தேர்ந்தெடுக்கும் விஷயம். கோழியின் நெஞ்சுக்கறியை மட்டும் கொத்தினால் கொழுப்பின்றி வறண்டுபோகும், தொடைக்கறியே சிறந்தது. நம் ஊர்க் கறிக்கடைகளில் தோலை உரித்தே கொடுப்பது பெருவழக்கமாகையால், தொடைக்கறியோடு சிறிதளவு தோலையும் சேர்த்துக் கொத்தித் தரும்படி கடைக்காரரைக் கேட்டுக்கொள்ளவேண்டும். அதற்கு மனம் ஒப்பாதவர்கள் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்துக்கொள்ளலாம். கொத்துக்கறியைத் தண்ணீரில் அலசும் வழக்கம் சில வீடுகளில் உண்டு; அதை இங்கே அறவே விடவேண்டும், ஏனெனில் அலசினால் சாறும் சுவையும் போய், கறியில் வேண்டாத தண்ணீர் தங்கிவிடுகிறது. முழுத்துண்டாக இருக்கும்போதே கழுவி, ஈரம் போகத் துடைத்து, பிறகு கொத்துவதே முறை.

இப்போது நான் உங்கள் கவனத்தை விசேஷமாக வேண்டுகிற இடத்துக்கு வந்திருக்கிறேன். அரைக் கிலோ கொத்துக்கறியைக் குளிர்ந்த பாத்திரத்தில் இட்டு, வேறெதையும் சேர்ப்பதற்கு முன்பாக, 4 கிராம் உப்பை, அதாவது தேக்கரண்டியில் முக்கால் அளவை, அதன்மேல் பரவலாகத் தூவிப் பிசையவேண்டும். தசைநாரில் மயோசின் என்னும் புரதம் இருக்கிறது. அது வெறுந்தண்ணீரில் கரையாது, உப்பு நீரில் கரையும். உப்புப் பட்டதும் இறைச்சியின் சொந்த ஈரத்திலேயே அது கரைந்து வெளிப்பட்டு, ஒரு துணுக்கை மற்றொரு துணுக்கோடு பிணைக்கிற பசையாகிறது. தொடக்கத்தில் உதிரியாகக் கிடந்த கறி, மூன்று நான்கு நிமிஷப் பிசைதலில் நிறம் சற்று வெளிறி, விரல்களில் ஒட்டி, பாத்திரத்தின் விளிம்பில் இழை இழையாகப் படியத் தொடங்கும். ஒரு பிடியை எடுத்து உள்ளங்கையைக் கவிழ்த்தால் விழாமல் நிற்கும். இந்த நிலை வந்த பிறகே மற்றப் பொருள்கள் சேரவேண்டும். உப்புக்கு முன்னதாக வெங்காயமும் மாவும் முட்டையும் விழுந்துவிட்டால், உப்பு அவற்றோடு பங்கிடப்பட்டுப் புரதத்தைச் சரிவர அடையாமற்போகும். அத்தகைய உருண்டை வாணலியில் விரிந்து உதிர்வதைக் கண்டு, மாவு போதவில்லை என்று எண்ணி மேலும் மாவைக் கொட்டுகிறார்கள், பதார்த்தம் களியாகிவிடுகிறது.

குளிர்ச்சியும் உப்பைப் போலவே முக்கியம். பிசைகிற கையின் சூட்டினால் கொழுப்பு உருகிப் பிரிந்துவிட்டால் பசை அதைப் பிடித்துவைத்துக்கொள்ள இயலாது. நம்முடைய உஷ்ண தேசத்தில், கொத்துக்கறியையும் பாத்திரத்தையும் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தெடுத்து, பிசைகிறபோது கையைப் பனிக்கட்டித் தண்ணீரில் நனைத்துக்கொள்வது நலம். சீனத்துச் சமையற்காரர்கள் எப்போதும் ஒரே திசையில் கலக்கவேண்டும் என்று வற்புறுத்துவார்கள். பிசைந்து முடிந்த பின் இரண்டு மேசைக்கரண்டி குளிர்ந்த நீரைச் சிறுகச் சிறுக விட்டு இறைச்சி அதைக் குடிக்கும்படி செய்வதும் அவர்களுடைய நுட்பமே. இந்த இரண்டாவது நுட்பத்தை நான் மனப்பூர்வமாகச் சிபாரிசு செய்கிறேன். வெந்த உருண்டையைப் பிட்டால் சாறு ததும்புவது இந்தத் தண்ணீரினால்தான்.

நம்மவர்கள் கோலா உருண்டை செய்கிற முறையை இங்கே நினைத்துப் பார்ப்பது பொருத்தமாயிருக்கும். ஆட்டுக் கொத்துக்கறியோடு தேங்காயும் கசகசாவும் சோம்பும் அரைத்து, பொட்டுக்கடலை மாவினால் கட்டி, எண்ணெயில் பொரித்தெடுக்கும் அந்த உருண்டைக்கு மேலே மொறுமொறுப்பும் உள்ளே பொலபொலப்பும் இருப்பதே லக்ஷணம். அங்கே கட்டுகிற வேலையைப் பருப்பு மாவு செய்கிறது. ஜப்பானிய உருண்டைக்கோ உள்ளே குழைவும் நெகிழ்ச்சியும் வேண்டும். ஆகவே கட்டுகிற வேலை இறைச்சியின் சொந்தப் புரதத்தையே சார்ந்திருக்கிறது. இரண்டும் உயர்ந்தவை. ஒன்றின் முறையை மற்றொன்றில் புகுத்தினால் இரண்டும் கெடும் என்பதற்காகவே இதைச் சொல்லுகிறேன்.

கறி பசைப்பட்ட பிறகு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, ஒரு முட்டை, ஒன்றரை மேசைக்கரண்டி மக்காச்சோள மாவு, ஒரு தேக்கரண்டி இஞ்சிச் சாறு ஆகியவற்றைச் சேர்த்து மெதுவாகக் கலக்கவேண்டும். இஞ்சியைச் சாறாகவே, அதுவும் கடைசியாகவே சேர்க்கச் சொல்வதற்குக் காரணமுண்டு: பச்சை இஞ்சியில் புரதத்தை அறுக்கிற நொதி ஒன்று இருப்பதால், இஞ்சி விழுதை வாரிப்போட்டு மணிக்கணக்கில் ஊறவைத்தால் கட்டிய பசை இளகி உருண்டை கூழாகிவிடும். பூண்டு இந்த உருண்டைக்கு அவசியமில்லை. கரம் மசாலாவும் வேண்டாம்.

உருட்டுகிற வேலையை விஸ்தரிக்க வேண்டியதில்லை. எண்ணெய் தொட்ட கையினால், எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுச் சிறிதாக, ஏறத்தாழ 28 கிராம் எடையில் உருட்டினால் இருபதுக்கு மேல் உருண்டைகள் வரும். அவற்றைச் சிறிதே தட்டிவிட்டால் வாணலியில் நன்றாகப் பதிந்து நிற்கும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில், நடுத்தரத் தீயில், இரண்டு பக்கமும் பொன்னிறமாகும்வரை இரண்டிரண்டு நிமிஷம் விட்டு, பிறகு இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடியால் மூடி, நான்கு ஐந்து நிமிஷம் ஆவியில் வேகவிடவேண்டும். கொத்திய கோழியிறைச்சியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தை எட்டவேண்டும் என்பது சுகாதார விதி. வெப்பமானி இல்லாதவர்கள் ஓர் உருண்டையைப் பிளந்து, உள்ளே ரோஜாநிறம் சிறிதும் இல்லையென்றும், சாறு தெளிவாக ஓடுகிறதென்றும் நிச்சயப்படுத்திக்கொள்ளட்டும். மயோசின் 50 டிகிரியை ஒட்டியே இறுகத் தொடங்கி நீரைத் தன் வலைக்குள் பிடித்துவைத்துக்கொள்கிறது. உஷ்ணம் மேலும் ஏறிக்கொண்டே போனால் மற்றப் புரதங்களும் இறுகி அந்த நீரைப் பிழிந்து தள்ளிவிடும். ஆகவே வெந்தது தெரிந்ததும் நிறுத்திவிடவேண்டும்.

மெருகைப் பற்றிப் பேசுமுன், அதற்கு ஆதாரமான சோயா சாஸைப் பற்றிச் சற்று நிதானமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. நம் கடைகளில் அதன் பெயரால் விற்கப்படுகிறவை எல்லாம் அதுவாக இல்லை என்பதே காரணம். வேகவைத்த சோயா மொச்சையையும் வறுத்து உடைத்த கோதுமையையும் ஏறக்குறையச் சம அளவில் கலந்து, அஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்னும் பூஞ்சையை அதன்மேல் வளர்த்து, பின்பு உப்பு நீரில் கரைத்துத் தொட்டிகளில் பல மாதங்கள் புளிக்கவைத்துப் பிழிந்தெடுப்பது உண்மையான ஜப்பானிய சோயா சாஸ். பூஞ்சையின் நொதிகள் மொச்சையின் புரதத்தை அமினோ அமிலங்களாகவும், கோதுமையின் மாவுச்சத்தைச் சர்க்கரையாகவும் பிரிக்கின்றன; அந்தச் சர்க்கரையில் ஒரு பகுதி சாராயமாகவும் அமிலமாகவும் மாறி மணம் தருகிறது. டோக்கியோவுக்குக் கிழக்கே சிபா மாகாணத்தில், ஆற்றுவழிப் படகுப் போக்குவரத்தும் சுற்றுவட்டாரத்துத் தானிய விளைச்சலும் வாய்த்திருந்த நோதா, சோஷி என்னும் ஊர்கள் எதோ காலத்திலிருந்து இத்தொழிலில் பேர்பெற்றவை. எதோ என்பது டோக்கியோ நகரத்தின் பழம்பெயர். நோதாவில் பரம்பரையாகத் தனித்தனியே காய்ச்சிவந்த எட்டுக் குடும்பத்தார் 1917-ஆம் ஆண்டில் ஒன்றுசேர்ந்து நிறுவிய கம்பெனியே பிற்காலத்தில் கிக்கோமான் என்ற பெயரால் உலகெங்கும் அறியப்படலாயிற்று. ஜப்பானின் மேற்குப் பகுதியில் தாத்சுனோ என்னும் ஊரில் காய்ச்சப்படும் வெளிர்நிற சோயா சாஸ் ஒன்றுண்டு; நிறத்தைப் பார்த்து அதை மென்மையானது என்று எண்ணிவிடக்கூடாது, அதில் உப்பு அதிகம்.

வாங்குகிறபோது புட்டியின் மேல் ஒட்டிய சீட்டைப் படியுங்கள். சோயா, கோதுமை, உப்பு, தண்ணீர் என்னும் நான்கைத் தவிர வேறொன்றும் பெரும்பாலும் இராதது நல்லது. அமிலத்தில் புரதத்தைக் குறுகிய காலத்தில் கரைத்து, எரித்த சர்க்கரையால் நிறமூட்டிய மலிவான சாஸ்கள் பாகாகக் காய்ச்சப்படும்போது கசப்பையும் ஒருவகை உலோகச் சுவையையும் வெளியிடுகின்றன. கருநிற சாஸ் என்று விற்கப்படும் சீன வகையையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அது பெரும்பாலும் நிறத்துக்காகவே உண்டானது, பாகு கரியாகிவிடும்.

இரண்டாவது பொருள் மிரின். வேகவைத்த பசையரிசியையும் அரிசியில் வளர்த்த அதே பூஞ்சையையும் வடித்தெடுத்த சாராயத்தில் ஊறவைத்துப் பல வாரங்கள் முதிரவிட்டுப் பிழிந்தெடுக்கும் இனிப்பு மது அது. சாராயச் சத்து ஏறத்தாழ 14 சதவீதம். அதன் இனிப்பில் பெரும்பங்கு குளுக்கோஸ் ஆகையால், சர்க்கரையைவிட விரைவாக நிறம் ஏறுகிறது. மது சேர்ந்த பொருளைத் தொடாத குடும்பங்கள் நம்மில் பல உண்டு. அவர்கள் மனம் சங்கடப்படவேண்டியதில்லை. 3 மேசைக்கரண்டி தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சர்க்கரையைக் கரைத்து அதற்கு ஈடாக வைத்துக்கொள்ளலாம். மணம் சிறிது குறையும், மெருகு வரும். தேன் சேர்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு, கால் பங்குக்கு மேல் வேண்டாம் என்பேன். எள்ளெண்ணெயைப் பொறுத்தவரை, நம்முடைய செக்கு நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது. சீனரும் கொரியரும் மணத்துக்காகத் தெளிப்பது வறுத்த எள்ளின் எண்ணெய். ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று உதவாது. இந்தப் பதார்த்தத்துக்கு இரண்டுமே தேவையில்லை.

சோயா சாஸும் கோழியும் ஏன் இவ்வளவு இசைந்து நிற்கின்றன என்பதற்கு ரசாயன சாஸ்திரம் திருப்தியான பதில் கூறுகிறது. டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிகுனாயே இக்கேதா 1908-ஆம் ஆண்டில், கொம்பு என்னும் கடற்பாசியின் சாற்றில் நாவுக்கு நிறைவளிக்கும் தத்துவம் குளூட்டாமிக் அமிலத்தின் உப்பே என்று நிரூபித்து, அந்த ருசிக்கு உமாமி என்று பெயரிட்டார். அவருடைய மாணாக்கர் ஷிண்டாரோ கொடாமா 1913-ஆம் ஆண்டில், உலர்த்திய சூரை மீனின் ருசிக்கு இனோசினிக் அமிலத்தின் உப்பு காரணம் என்று கண்டார். இவ்விரண்டும் தனித்தனியே இருப்பதைவிட ஒன்றுகூடும்போது ருசி பன்மடங்கு ஓங்குகிறது என்பது பின்னர் தெளிவாயிற்று. புளித்த சோயாவில் முதலாவது நிறைந்திருக்கிறது. கோழியிறைச்சியில் இரண்டாவது இருக்கிறது. தெருக்கடைக்காரர்கள் தங்கள் நாவினால் அறிந்துவைத்திருந்த ஓர் உண்மையை ஆய்வுச்சாலை பின்னால் வந்து விளக்கியது என்றே சொல்லவேண்டும்.

இனி மெருகு. உருண்டைகள் வெந்ததும் அவற்றைத் தட்டில் எடுத்துவைத்து, வாணலியில் கசிந்து நிற்கும் கொழுப்பைத் துணியால் அல்லது காகிதத்தால் துடைத்துவிடவேண்டும். கொழுப்பின்மேல் பாகு பற்றாது. பிறகு 3 மேசைக்கரண்டி சோயா சாஸ், 3 மேசைக்கரண்டி மிரின், 1 மேசைக்கரண்டி சர்க்கரை ஆகியவற்றைக் கலந்து ஊற்றி, நடுத்தரத் தீயில் கொதிக்கவிடவேண்டும். முதலில் நுரை மெல்லியதாகவும் குமிழிகள் சிறியனவாகவும் இருக்கும். நீர் வற்ற வற்றக் குமிழிகள் பெரிதாகி, மெதுவாக வெடித்து, வாணலியின் பரப்பு முழுவதும் பளபளக்கும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சிப் பழகிய கைகள் உடையவர்கள் இந்தப் பதத்தைக் கண்ட மாத்திரத்தில் அறிந்துகொள்வார்கள்; இங்கே வேண்டியது அதைவிட இளம்பதம், கரண்டியால் இழுத்தால் வாணலியின் அடி ஒரு க்ஷணம் தெரிந்து மறுபடி மூடிக்கொள்ளும் அளவே. அந்தத் தருணத்தில் உருண்டைகளை மீண்டும் இட்டு, தீயைக் குறைத்து, வாணலியைச் சாய்த்துப் பாகைக் கரண்டியால் மொண்டு மொண்டு அவற்றின்மேல் வார்த்து, ஒரு நிமிஷம் உருட்டிவிடவேண்டும். பாகு ஆறும்போது மேலும் இறுகுமாதலால், போதும் என்று தோன்றுவதற்குச் சற்று முன்னதாகவே அடுப்பிலிருந்து இறக்குங்கள். அதிகமாகச் சுண்டிவிட்டால் ஒரு கரண்டி தண்ணீர் விட்டு மீட்டுக்கொள்ளலாம். கருகிவிட்டாலோ மீட்பில்லை, அந்தப் பாகைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சவேண்டியதுதான்.

சர்க்கரை ஏன் கடைசியில் என்பது இப்போது உங்களுக்கே விளங்கியிருக்கும். அமினோ அமிலமும் சர்க்கரையும் உஷ்ணத்தில் கூடிப் பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணங்களையும் பிறப்பிக்கிற மாற்றத்தை 1912-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லூயி காமில் மையார் முதன்முதலில் விவரித்தார். சோயா சாஸில் அமினோ அமிலம் ஏராளம், மிரினில் குளுக்கோஸ் ஏராளம். ஆகவே இந்தப் பாகில் அம்மாற்றம் மிக விரைவாக நடந்து, விரைவாகவே கருகலில் போய் முடிகிறது. கோழி வேகுவதற்கு எட்டு ஒன்பது நிமிஷம் வேண்டும். பாகுக்கோ மூன்று நிமிஷமே ஆயுள். இரண்டையும் ஒருங்கே அடுப்பிலேற்றினால், உள்ளே பச்சையும் வெளியே கரியுமாக முடியும்.

மெருகுப் பாகில் மாவு கரைத்து ஊற்றும் மற்றொரு முறையும் உண்டு. சீன வழியில் ஜப்பானுக்கு வந்த புளிப்பும் இனிப்புமான உருண்டைகளுக்கு அதுவே உரியது. உருளைக்கிழங்கு மாவைக் கரைத்து விட்டால் பாகு கண்ணாடித் தெளிவோடு நிற்கும், மக்காச்சோள மாவு சற்று மங்கலாக்கும், இரண்டையும் ஒரு கொதி வரும்வரை விடாவிட்டால் மாவு வாசனை போகாது. சீனத்தில் உருண்டைகளின் சரித்திரம் மிகப் பழையது. 6-ஆம் நூற்றாண்டில் ஜியா ஸிஷியே தொகுத்த விவசாய நூலிலேயே ஆட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இஞ்சியும் ஆரஞ்சுத் தோலும் சேர்த்து உருட்டிச் சாற்றில் வேகவைக்கும் முறை காணப்படுகிறது. 1792-ஆம் ஆண்டில் கவிஞர் யுவான் மெய் வெளியிட்ட சமையல் நூலிலோ, பாதி சதையும் பாதி கொழுப்புமான பன்றியிறைச்சியோடு பைன் விதையும் காளானும் மூங்கிற் குருத்தும் சேர்த்துக் கொத்தி, மாவினால் கட்டி, இனிப்பு மதுவும் சோயா சாஸும் ஊற்றி ஆவியில் வேகவைக்கச் சொல்லியிருக்கிறார். இனிப்பு மதுவும் சோயா சாஸும் என்னும் அந்த ஜோடியே ஜப்பானியப் பாகிலும் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

பரிமாறுவதில் ஓர் எச்சரிக்கை. ஜப்பானில் இந்த உருண்டைகளைப் பச்சை முட்டையின் மஞ்சட்கருவில் தோய்த்து உண்பார்கள். அங்கே முட்டைகள் பச்சையாக உண்பதற்கென்றே கழுவப்பட்டு, சோதிக்கப்பட்டு, தேதியிடப்பட்டு விற்பனைக்கு வருகின்றன. நம் கடை முட்டையைக் கொண்டு அதைப் பின்பற்றவேண்டாம். சூடான வெள்ளைச் சோற்றின்மேல் நான்கு உருண்டைகளை வைத்து, வாணலியில் எஞ்சிய பாகை ஒரு கரண்டி ஊற்றி, பக்கத்தில் உப்பிட்ட வெள்ளரிக்காய் வைத்தால் போதுமானது. பாகின் உப்பும் இனிப்பும் ஆறின பிறகும் நாவுக்கு எட்டுவதால், ஜப்பானியத் தாய்மார் இதைக் குழந்தைகளின் மதிய உணவுப் பெட்டியில் விரும்பி வைக்கிறார்கள். நம் வெயிலில் அப்படி அனுப்புவதானால், உருண்டைகளை முழுதும் ஆறவைத்துப் பெட்டியை மூடுங்கள், நெடுநேரம் வைத்திருக்க விடாதீர்கள்.

இதற்கு வேண்டிய பொருள்களுள் மிரின் ஒன்றைத் தவிர மற்ற யாவும் நம் ஊர்க் கடைவீதியிலேயே அகப்படும். மிரினுக்கு மாற்றும் சொல்லிவிட்டேன். ஆகையால், கடைகளில் உறைய வைத்து விற்கும் உருண்டைகளையும் புட்டியில் அடைத்து விற்கும் மெருகுப் பாகையும் நாடாமல், இந்த வாரமே அரைக் கிலோ தொடைக்கறி வாங்கி, உப்பை முதலில் இட்டு, கை சோரும்வரை பிசைந்து, நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள் என்று உங்கள் எல்லோரையும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.